நாய் வளர்ப்போர் வழக்கங்களும் அபிப்பிராயங்களும்

எங்கள் தெருக்கோடியிலிருந்த ஒரு வீட்டின் பின்கட்டில், வேப்பமரத்தடியில், பால்போல் வெளுத்த ராஜபாளையம் நாய் ஒன்று எட்டு வருஷ காலம் வளர்ந்து வந்தது. அது இறந்த செய்தி கேட்டு நான் துக்கம் விசாரிக்கச் சென்றபோது, அவ்வீட்டுப் பெரியவர் பேச்சு எழாமல் என் கையைப் பிடித்துப் பின்கட்டுக்கு அழைத்துச் சென்றார். சங்கிலி மரத்தடியில் அப்படியே கிடந்தது; அதன் நுனியில் கழுத்துப் பட்டை இருந்தது. மரத்தைச் சுற்றி, சங்கிலி எட்டும் தூரம் எவ்வளவோ அவ்வளவுக்குத் தரை வழவழவென்று தேய்ந்து, ஒரு புல் நுனியும் முளைக்காத வட்டமாயிருந்தது; வட்டத்தின் விளிம்புக்கு அப்பால் அறுகு பசேலென்று மண்டிக் கிடந்தது. "பெற்ற பிள்ளையைப்போல வளர்த்தேன், தம்பி" என்றார் அவர். அதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை. தாம் உண்ணுமுன் அதற்குச் சோறிட்டவர் அவர். அதற்கு ஜுரம் கண்ட இரவுகளில் அதனருகே கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்தவர் அவர். அந்த வட்டத்துக்குக் காரணமானவரும் அவரேதாம்.

நாய் வளர்ப்போருடைய வழக்கங்களையும் எண்ணங்களையும் ஆராயப் புகுகிறவன் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியது, நம்மவர்க்கு அப்பிராணியின்பால் பிரியம் போதாது என்னும் குற்றச்சாட்டு நிற்காது என்பதே. பிரியம் நிரம்ப இருக்கிறது. அது எதைக் கேட்டு நடக்கிறது என்பதுதான் கேள்வி. நாயின் உடலையும் இயல்பையும் பார்த்து அதற்கு வேண்டியது இன்னதென்று தெரிந்துகொள்வதை விட்டு, பக்கத்து வீட்டார் சொன்னதையும், குட்டி விற்றவர் சொன்னதையும், ஊரார் காலங்காலமாகச் சொல்லி வந்ததையும் கேட்டே பெரும்பாலும் நாம் நடக்கிறோம். இப்படிச் செவிவழி வந்த அபிப்பிராயங்களில் சில, இன்றைய விஞ்ஞானமும் தலையசைக்கும் அளவுக்கு உண்மையானவை. சில, தீங்கில்லாத மயக்கங்கள். சிலவோ நாயின் உயிரையும் மனிதர் உயிரையும் குடிப்பவை. அவற்றைப் பிரித்தறிய முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாயைப் பற்றி நமக்குள்ள இரட்டை மனம் நேற்று வந்ததன்று. செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. ஆநிரை காக்கும் பூசலில் உயிர் துறந்த ஒரு வீரனுக்கு எடுத்த அந்தக் கல்லில், கோவிவன் என்னும் அவனுடைய நாயின் உருவத்தையும் செதுக்கி, அது கள்ளர் இருவரைக் கடித்து எஜமானனுக்குத் துணைநின்ற செய்தியையும் பெயரோடு பொறித்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருஷங்களுக்கு முன் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்த ஜனங்கள் நம் முன்னோர். நாலடியார், பழகிய பாகனையே கொன்றுவிடும் யானையோடு ஒப்பிட்டு, தன் உடலில் வேல் பாய்ந்திருக்கும்போதும் எறிந்தவனுக்கு வாலாட்டும் நாயின் நட்பை உயர்த்திச் சொல்கிறது. அதே தமிழில்தான் நாய் என்பது வசவுச் சொல்லாகவும் வழங்குகிறது. மாணிக்கவாசகர் தம்மைத் தாழ்த்திக்கொள்ள நினைத்தபோதெல்லாம் நாயையே உவமையாக எடுத்துக்கொண்டார். பைரவருக்கு வாகனமாகக் கோயிலில் நிற்கும் பிராணி, தெருவில் வந்தால் கல்லடி படுகிறது. இவ்விரண்டு மனமும் ஒரே வீட்டுக்குள் இருப்பதையும் காணலாம்: பிள்ளையென்று கொஞ்சுவார்கள், நடையைத் தாண்டி உள்ளே வர விடமாட்டார்கள். வீட்டுக்குள் விடுவதும் விடாததும் அவரவர் ஆசாரம். அதைப் பற்றி நான் வழக்காட வரவில்லை. திண்ணையிலேயே வாழ்ந்து, பகலெல்லாம் அவிழ்த்துவிடப்பெற்று, ஆனந்தமாய் ஆயுளை முடித்த நாய்களை நான் அறிவேன்.

ஏன் நாய் வளர்க்கிறீர்கள் என்று கேட்டால் காவலுக்கு என்பதே நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சொல்லும் விடை. உள்ளே புகுந்து விசாரித்தால், குழந்தை பிடிவாதம் பிடித்தது, மகன் அயலூருக்கு வேலைக்குப் போனபின் வீடு வெறிச்சென்றிருந்தது, மழையில் நனைந்த குட்டி வாசலில் வந்து நின்றது என்று வேறு காரணங்கள் வெளிவரும். அவையே மெய்யான காரணங்கள் என்பது என் அனுபவம். இவற்றோடு கௌரவம் என்ற ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. வெள்ளைக்காரர் பங்களாக்களிலிருந்து இறங்கிய டைகர், ஜிம்மி, டாமி, சீசர் முதலிய பெயர்கள் இன்னும் நம் நாய்களோடு ஒட்டிக்கொண்டிருப்பதும் அந்தக் கௌரவத்தின் மிச்சமே. நல்ல வேளையாக, மணியும் கருப்பனும் இன்னும் வழக்கொழியவில்லை.

கௌரவம் செய்யும் பெரிய தீங்கு குட்டியைத் தேர்ந்தெடுப்பதில் தெரிகிறது. 'ஜாதி நாய்' என்றால் சீமையிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் நகரத்தாரிடம் வேரூன்றிவிட்டது. பனி உறைந்த சைபீரியாவில் வண்டி இழுத்த ஹஸ்கி நாயைச் சித்திரை வெயிலில் மாடிக் குடியிருப்பில் வைத்து வளர்க்கிறார்கள். நாய்க்கு மனிதனைப்போல் உடலெல்லாம் வியர்ப்பதில்லை. பாதங்களில் சிறிது வியர்வை கசியும். மற்றபடி வாயைத் திறந்து நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பதன் மூலமே அது தன் உஷ்ணத்தைத் தணித்துக்கொள்ள வேண்டும். அடர்ந்த இரட்டை ரோமப் போர்வையோடு பிறந்த நாயும், முகம் சப்பையாகி மூச்சு வழி குறுகிய பக் நாயும் நம் கோடையில் படும் பாடு கண்கொண்டு பார்க்கத் தக்கதன்று. நம்முடைய மண்ணிலோ இந்த வெயிலுக்கென்றே அமைந்த நாய்கள் இருக்கின்றன: விருதுநகர்ச் சீமையின் ராஜபாளையம், கரிசல் காட்டில் முயல் துரத்தி வளர்ந்த சிப்பிப்பாறை, கருமேனியில் பழுப்புப் பொட்டுகளுடைய கன்னி, தேனி மாவட்டத்து மலையடிவாரத்தின் கோம்பை. இந்திய அஞ்சல் துறை 2005-ம் வருஷம் நம் நாட்டு நாயினங்கள் நான்கிற்குத் தபால் தலை வெளியிட்டபோது, ராஜபாளையம் அவற்றில் ஒன்றாக இடம்பெற்றது.

ஆனால் நாட்டு நாயை விரும்புவோரிடமும் ஊர்ப்பேச்சின் ஆதிக்கம் உண்டு. ராஜபாளையம் என்றால் அப்பழுக்கில்லாத வெண்மையும் இளஞ்சிவப்பு மூக்கும் வேண்டும், ஒரு புள்ளி இருந்தாலும் கலப்பு என்று தள்ளிவிடுவார்கள். அந்த வெண்மைக்கு ஒரு விலை இருக்கிறது. தோலுக்கு நிறம் தரும் அணுக்கள் காதின் உட்புறத்திலும் இருந்தால்தான் கேட்கும் சக்தி நிலைக்கும். அவை அற்றுப்போன குட்டி, பிறந்த சில வாரங்களில் செவிடாகிவிடக்கூடும். முழு வெள்ளை நாய்களில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பதற்குக் காரணம் இதுவே. எங்கள் தெருக்கோடி வீட்டு ராஜபாளையமும் ஒரு காது கேளாததுதான் என்று அவ்வீட்டுப் பெரியவர் ஒருநாள் வருத்தத்தோடு சொன்னார். வாங்குகிறவர் பின்னால் நின்று கைதட்டிப் பார்க்கிறாரா என்றால், இல்லை. மூக்கின் நிறத்தையே பார்க்கிறார். இன்னொரு வழக்கமும் மனத்தை வருத்துவது: கடுவன் குட்டிகளுக்கே எல்லாரும் ஆசைப்படுவதால், பெட்டைக் குட்டிகள் சாக்கிலே கட்டப்பட்டுச் சந்தையோரத்திலும் குப்பைமேட்டிலும் விடப்படுகின்றன. பெட்டை நாய் காவலில் கடுவனுக்கு எள்ளளவும் குறைந்ததன்று. வீட்டோடு ஒட்டி நிற்பதில் அதனினும் மேல் என்று வளர்த்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

உணவு விஷயத்தில், சோறிட்டு வளர்த்த பாட்டிமார்களின் கட்சி வெகுவாக வென்றிருக்கிறது. நாய் ஓநாயின் இனம், ஆகவே அதற்கு மாமிசமே உணவு, சோறு போடுவது கொடுமை என்று சிலர் வாதிப்பதுண்டு. 2013-ம் வருஷம் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, மாச்சத்தைச் செரிக்க உதவும் மரபணு ஓநாயிடம் இருப்பதைவிட நாயிடம் பல மடங்கு பெருகியிருப்பதை எடுத்துக்காட்டியது. மனிதன் உழுது விதைத்துத் தின்ற காலத்திலிருந்து அவன் மிச்சத்தையே உண்டு வந்ததனால், நாயின் வயிறும் அவனுடைய தானியத்துக்குப் பழகிவிட்டது. ஆகவே சோறு குற்றமில்லை. சோறு மட்டுமே போடுவதுதான் குற்றம். வெறும் தயிர்ச்சோற்றில் வளரும் குட்டிக்கு எலும்பும் தசையும் வலுப்பதில்லை; முட்டையோ, மீனோ, இறைச்சியோ, கொஞ்சம் பருப்போ சேர வேண்டும். மாமிசம் தின்றால் நாய் மூர்க்கமாகும் என்பதற்கும், மிளகாயைக் கலந்து கொடுத்தால் காவல் வலுக்கும் என்பதற்கும் ஆதாரம் கிடையாது. பின்னது வயிற்றைப் புண்ணாக்குவது மட்டும் நிச்சயம். பால் விஷயத்தில் பாட்டியும் தவறினாள்: வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை. வேகவைத்த எலும்பு ஊசிபோலப் பிளந்து குடலைக் கிழிக்கும். வெங்காயம், திராட்சை, சாக்லெட் ஆகிய மூன்றும் நாய்க்கு நஞ்சு என்பதை வீட்டுக் குழந்தைகளுக்கும் சொல்லி வைக்க வேண்டும். ஏனெனில் பிரியத்தினால் ஊட்டுகிறவர்கள் அவர்களே.

இனிச் சங்கிலிக்கு வருவோம். இதிலேதான் நம் வழக்கம் எல்லாவற்றிலும் தவறாக இருக்கிறது. கட்டிப்போட்ட நாய்க்கே ரோஷம் வரும், அவிழ்த்துவிட்டால் எல்லாரிடமும் குழைந்து காவலுக்கு உதவாமல் போகும் என்பது ஊரெங்கும் பரவிய கொள்கை. குட்டி பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரையில், மனிதர், குழந்தை, மாடு, வண்டி, இடியோசை என்று உலகத்தில் எவையெவை அஞ்சத் தகாதவை என்று அதன் மனத்தில் பதியும் பருவம். அந்தப் பருவத்தில் நம்மவர்கள் செய்வது யாதெனில், முப்பதாவது நாளிலேயே குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து வாங்கி வருவதும், எட்டு வாரமேனும் தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் கடித்து விளையாடிக் கடியின் அளவைக் கற்றுக்கொள்ள வேண்டியதை அது கற்காதபடி செய்வதும், பிறகு மனித முகம் அதிகம் காணாத மூலையில் அதைக் கட்டிப்போடுவதுமாகும். அவ்வாறு வளர்ந்த நாய் குரைப்பது வீரத்தினால் அன்று, அச்சத்தினால். ஓடித் தப்ப வழியில்லாத பிராணிக்குக் கடிப்பதைத் தவிர வேறு உபாயம் இல்லை. சங்கிலி அறுந்த ஒரு நாளில் அது பாய்வது திருடன்மேல் அன்று. பால் கொண்டுவந்த பையன்மேல், அல்லது அவ்வீட்டுப் பேரக் குழந்தையின்மேல்.

இது மனச்சாட்சி விஷயம் மட்டுமன்று, சட்டமும் ஆகும். கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்ய சபையில் உறுப்பினராக இருந்தபோது பிராணிகளின் துன்பத்தைத் தடுக்கத் தனி மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அம்முயற்சியின் பயனாக 1960-ம் வருஷம் பிராணி வதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. 1962-ல் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவரானார். மிகக் குறுகியதோ மிகக் கனமானதோ ஆன சங்கிலியில் நியாயமற்ற நேரம் பிராணியைக் கட்டிவைப்பதையும், வழக்கமாகக் கட்டிவைக்கும் நாய்க்குப் போதிய நடமாட்டம் கொடாமல் விடுவதையும் அச்சட்டம் குற்றங்களாகப் பெயரிட்டுச் சொல்கிறது. ஒரு தமிழ்ப் பெண்மணியின் இரக்கத்தால் பிறந்த இச்சட்டத்தைத் தமிழ்நாட்டு வீடுகளிலேயே பலர் அறியாதிருப்பது வருந்தத் தக்கது. நாளொன்றுக்குக் காலையில் அரைமணி, மாலையில் அரைமணி நடத்திச் சென்று, இரவில் வாயிற்கதவைச் சாத்திவிட்டு அவிழ்த்துவிட்டால் போதும். காவலும் கெடாது, நாயும் கெடாது.

இனம் பெருக்கும் விஷயத்தில் வழங்கும் அபிப்பிராயங்களை விரைவாகச் சொல்லி முடிக்கலாம். பெட்டை நாய் ஒரு முறையாவது குட்டி போட வேண்டும், இல்லாவிட்டால் பாவம் என்பது மனிதத் தாய்மையை நாயின்மேல் ஏற்றிச் சொல்வது. கருத்தடை செய்யாமல் வயது முதிர்ந்த பெட்டைகளுக்குக் கருப்பையில் சீழ் வைத்து உயிருக்கே ஆபத்தாவதைக் கால்நடை மருத்துவர்கள் அன்றாடம் காண்கிறார்கள். கருத்தடை செய்த நாய் பருத்துவிடும் என்பது, உணவைக் குறைக்காமல் நடையையும் நிறுத்தினால் மட்டுமே உண்மை.

கடைசியாக, எல்லாவற்றிலும் கனமானதைச் சொல்கிறேன். நான் எட்டு வயதுச் சிறுவனாயிருந்தபோது, என்னோடு விளையாடிக்கொண்டிருந்த ஒருவனை அவன் வீட்டு நாயே கணுக்காலில் கடித்துவிட்டது. அவனுடைய அத்தை ஓடிவந்து காயத்தில் சுண்ணாம்பையும் மிளகாய்ப்பொடியையும் குழைத்து அப்பினாள். அவன் அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. வீட்டு நாய்தானே, விஷம் இராது என்று எல்லாரும் சொன்னார்கள். அந்த நாய்க்கு நோய் இல்லாததனால் அவன் பிழைத்தான். அவர்கள் சொன்னது சரியானதனால் அன்று.

வெறிநோய் பற்றி நம் வீடுகளில் நிலவும் அச்சம் ஒருபுறமும் அலட்சியம் ஒருபுறமுமாக இருப்பதற்குச் சரித்திரக் காரணம் உண்டு. 1885-ம் வருஷம் ஜூலை 6-ம் தேதி பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர், நாய் கடித்த ஒரு சிறுவனுக்குத் தம் தடுப்பு மருந்தை முதன்முதல் செலுத்திக் காப்பாற்றினார். நம் நாட்டில் 1900-ல் இமயமலைச் சாரலிலுள்ள கசௌலியிலும், 1907-ல் நீலகிரிக் குன்னூரிலும் அவர் பெயரால் நிலையங்கள் ஏற்பட்டன; அதற்கு முன் தென்னாட்டில் கடிபட்டவர் கசௌலி வரையில் பிரயாணம் செய்ய வேண்டியிருந்தது. கசௌலியில் டேவிட் செம்பிள் என்பவர் ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த மருந்தே நெடுங்காலம் நாடெங்கும் வழங்கியது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் பெரியவர்கள் நடுங்கிச் சொல்வது அதைத்தான். அம்மருந்தின் உபயோகம் இந்தியாவில் 2004-ம் வருஷத்தோடு நின்றுபோயிற்று. இன்று அரசு மருத்துவமனைகளில் தோலினுள் போடப்படும் ஊசி, முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்ற கணக்கில் கையிலேயே போடப்படுகிறது. மருந்து மாறி இருபது வருஷத்துக்கு மேலாகியும் அச்சம் மாறவில்லை; அந்த அச்சத்தினாலேயே கடித்ததைப் பெற்றோரிடம் சொல்லாமல் மறைக்கும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள்.

அலட்சியம் இதைவிடக் கொடியது. வெறிநாய் என்றால் எச்சில் ஒழுக, கண் சிவக்க, எதிர்ப்பட்டோரையெல்லாம் கடித்துக்கொண்டு ஓடும் என்பதே பொதுஜன எண்ணம். அது ஒரு வகை மாத்திரமே. மற்றொரு வகையில் நாய் சாதுவாக இருட்டு மூலையில் ஒடுங்கிக் கிடக்கும், தாடை தொங்கும், விழுங்க முடியாமல் தவிக்கும். தொண்டையில் எலும்பு சிக்கிக்கொண்டதென்று நினைத்து, வளர்த்த கையே அதன் வாய்க்குள் நுழைகிறது. எச்சிலில் உள்ள நுண்கிருமி கையிலுள்ள சிறு கீறல் வழியாகப் புகுந்து, நரம்பின் வழியே மெல்ல மூளைக்கு ஏறுகிறது; ஒன்றிரண்டு மாதத்திலோ, சில சமயம் ஒரு வருஷத்துக்குப் பின்னோ நோய் வெளிப்படும். வெளிப்பட்டபின் உயிர் பிழைப்பது அரிதினும் அரிது. உலகில் வருஷந்தோறும் சுமார் 59,000 பேர் இந்நோயால் இறப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் இந்தியர். மனிதருக்கு நோய் வருவதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாயின் மூலமாகவே. இத்தனைக்கும் இது முழுவதும் தடுக்கத் தக்க நோய்.

வீட்டை விட்டு வெளியே போகாத நாய்க்கு ஊசி எதற்கு என்று கேட்பவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். நாய் வெளியே போக வேண்டியதில்லை. தெருநாய் வேலிக்குள் வரலாம், கீரியோ பூனையோ இரவில் வரலாம். குட்டியாயிருக்கும்போது ஒருமுறை போட்டாயிற்று என்பதும் போதாது. மூன்று மாதத்தில் முதல் ஊசியும், அதன்பின் மருத்துவர் குறிக்கும் தேதியில் வருஷந்தோறும் மறு ஊசியும் போட வேண்டும். கடி பட்டாலோ, சுண்ணாம்பும் வேண்டாம், காப்பித் தூளும் வேண்டாம். ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தெருநாய்களுக்குச் சோறிடும் புண்ணியவான்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் சோற்றோடு ஊசிக்கும் கருத்தடைக்கும் பொறுப்பேற்றால் அவர்களுக்கும் அயலாருக்கும் உள்ள பூசல் பாதி தீரும். சென்னையில் 1959-ல் தொடங்கப்பெற்ற புளூ கிராஸ் சங்கம், நாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்யும் முறையை 1964 முதலே மேற்கொண்டு வழிகாட்டியது. ஓரிடத்து நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஊசி போட்டுவிட்டால் நோய் அங்கே பரவ வழியற்றுப் போகும் என்பது நிபுணர் கணிப்பு. அந்த எழுபதில் முதலில் சேர வேண்டியவை, பெயரும் பட்டையும் வீடும் உள்ள நாய்களே.

தெருக்கோடி வீட்டில் இப்போது ஒரு நாட்டுக் குட்டி வளர்கிறது, பெட்டை, செம்பட்டை நிறம். பெரியவர் அதைப் பகலில் கட்டுவதில்லை. வேப்பமரத்தடி வட்டத்தில் சென்ற மழைக்கு அறுகு தலைகாட்டியிருக்கிறது. குட்டியின் ஊசிச் சீட்டை அவர் நாள்காட்டியின் பின்னால் செருகி வைத்திருக்கிறார். இதைப் படிக்கும் நாய் வளர்ப்போரும், தத்தம் நாயின் சீட்டு எங்கே இருக்கிறதென்று இன்றைக்கே தேடி எடுத்து, அதிலுள்ள கடைசித் தேதியைப் பார்க்க வேண்டும். ஒரு வருஷம் கடந்திருந்தால் நாளைக் காலையிலேயே நாயை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.